விடுபட்ட பதக்கங்கள்: கொங்கு நாட்டுப் படைவீரரின் பணிப்பதிவேடும் அதன் திருத்தமும்

படைவீரர் ஒருவர் எந்த நாளில் சேர்ந்தார், எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எங்கெங்கு அனுப்பப்பட்டார், எந்தெந்தப் பதக்கங்களுக்கு உரியவரானார் என்பவற்றைக் காட்டும் அரசு ஆவணமே பணிப்பதிவேடு. அவர் படையிலிருந்து விடுவிக்கப்படும்போது அதன் சுருக்கம் ஒரு சிறு புத்தகமாக அவர் கையில் தரப்படும். ஊர்வழக்கில் அதற்கு 'டிஸ்சார்ஜ் புக்' என்று பெயர். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் வட்டாரங்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று அறியப்படும் வீடுகளில் நிலப்பத்திரங்களோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைக்கப்படும் தாள் இது.

இப்புத்தகத்தில் பதக்கங்களைக் குறிக்கும் பகுதி வெறுமையாக இருப்பதும், பாதி மட்டும் நிரம்பியிருப்பதும் புதிதல்ல. பேரன் காலத்தில் அதைத் திறந்து பார்க்கும் குடும்பம் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறது: தாத்தா எதையும் பெறவில்லை என்று நினைக்கிறது, அல்லது அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று நினைக்கிறது. பெரும்பாலான வேளைகளில் இவ்விரண்டும் சரியல்ல. பதக்கம் ஒரு காலத்திலும் பதிவேடு வேறொரு காலத்திலும் எழுதப்பட்டதே விடுபடலுக்கு முதன்மையான காரணம். அவ்விடைவெளி எப்படி உண்டாயிற்று, அதை எவ்வாறு நிரப்பலாம், எதுவரை நிரப்பலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பதக்கங்களின் இரு வகை

படைத்துறைப் பதக்கங்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை வீரச்செயலுக்கானது. பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம் ஆகியவை இன்றைய எடுத்துக்காட்டுகள். இதற்கு மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும், சாட்சியம் வேண்டும், அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். யாரும் இதை உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது.

இரண்டாம் வகை போர்ப்பணிப் பதக்கமும் நீண்டகாலப் பணிப் பதக்கமும். குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நாள்களுக்குள், குறிப்பிட்ட கால அளவு பணியாற்றிய எல்லோருக்கும் இது உரியது. தகுதி இருந்தால் பதக்கம் உண்டு. பதிவேட்டில் விடுபட்டுப் பின்னர் சேர்க்கப்படுபவை பெரும்பாலும் இவ்வகையே.

வீரப் பதக்கத்தில் அரசிதழ் எவ்வளவு முதன்மையானது என்பதற்கு சாம் மானெக்சாவின் கதையைச் சொல்வதுண்டு. 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் பாலத்தருகே நடந்த சண்டையில் அவர் படுகாயமடைந்தார். அவர் பிழைக்கமாட்டார் என்று கருதிய படைத்தலைவர் கோவன், தம்முடைய மிலிட்டரி கிராஸ் நாடாவைக் கழற்றி அவர் சட்டையில் குத்தினார் என்று கூறப்படுகிறது. ஆனால் களத்தில் குத்திய அந்த நாடா பதிவேட்டுக்குப் போதாது. அவ்வாண்டு அரசிதழில் அறிவிப்பு வந்த பிறகே அது விருதாயிற்று. களத்தில் நடப்பதும் தாளில் ஏறுவதும் இரண்டு தனி நிகழ்ச்சிகள். இரண்டாவது நடக்காமல் போனால் முதலாவது குடும்பத்தின் நினைவில் மட்டுமே நிற்கும்.

கொங்கு நாடும் படைச்சேவையும்

கோயம்புத்தூர் வட்டாரம் 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சியோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன்பின் இப்பகுதி ஆடவரும் சென்னைப் படையில் சேர்ந்தனர். அப்படையின் நிலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறியது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த பிரெடெரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு ஏற்றவரல்லர் என்ற கருத்துடையவர். 'போர்க்குடி' என்று முத்திரை குத்தப்பட்ட வடபுலத்தாரைச் சேர்ப்பதும் சென்னைக் காலாட்படைப் பிரிவுகளைக் குறைப்பதும் அக்கொள்கையின் விளைவுகள்.

ஆயினும் முதல் உலகப்போரில் தென்னிந்தியப் பிரிவுகள் கடல் கடந்தன. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் நடந்த தாக்குதலில் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61ஆம் பயனியர் பிரிவும் இருந்தன. போர் முடிந்ததும் காலாட்படைப் பிரிவுகள் இணைக்கப்பட்டு, பின் 1920களில் கலைக்கப்பட்டன. சென்னைப் பயனியர் படை 1933இல் கலைக்கப்பட்டது. பொறியியல் பிரிவான சென்னை சாப்பர்ஸ் மட்டும் தொடர்ந்தது.

இக்கலைப்பு பதிவேடுகளின் வரலாற்றில் ஒரு முறிவு. ஒரு படைப்பிரிவு உயிரோடிருக்கும்வரை அதன் எழுத்தர், அதன் பெயர்ப்பட்டியல், அதன் பழைய அதிகாரி என்று யாரேனும் ஒருவரிடம் சென்று கேட்க முடியும். பிரிவே இல்லாதபோது 'இவர் எங்கள் ஆள்' என்று சொல்வதற்கு ஒருவரும் இருப்பதில்லை.

இரண்டாம் உலகப்போரின் தேவையால் சென்னை ரெஜிமென்ட் 1940களின் தொடக்கத்தில் மீண்டும் உருவாக்கப்பட்டது. அதன் பயிற்சி மையம் கோயம்புத்தூரை ஒட்டிய மதுக்கரையில் இருந்தது. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், சுண்ணாம்புப் பாறைகளும் சிமென்ட் ஆலையும் உள்ள அவ்வூரில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் பர்மா எல்லைவரை சென்றனர். 1947இல் மையம் நீலகிரியின் வெல்லிங்டனுக்கு மாறியது. இன்றும் அங்கேயே உள்ளது. சென்னை ரெஜிமென்டின் ஆவண அலுவலகமும் வெல்லிங்டனில்தான் இயங்குகிறது. எனவே கொங்கு நாட்டில் இந்த ரெஜிமென்டைச் சேர்ந்தவரின் குடும்பம் பதிவேட்டைத் தேடி மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் போதும்; பொறியியல் பிரிவைச் சேர்ந்தவர் குடும்பம் பெங்களூருக்கு எழுத வேண்டும். கோயம்புத்தூரை இருப்பிடமாகக் கொண்ட 110ஆம் பிரதேசப்படைப் பிரிவு இவ்வட்டாரத்தின் மற்றொரு படைத்தொடர்பு.

ஏன் விடுபடுகின்றன

முதற்காரணம் காலம். பதக்கம் போர் நடக்கும்போது பிறப்பதில்லை, முடிந்தபின் பிறக்கிறது. 1965 பாகிஸ்தான் போருக்கான சமர் சேவா ஸ்டார், ரக்ஷா பதக்கம் ஆகிய இரண்டும் 1967இல்தான் தோற்றுவிக்கப்பட்டன. 1966இல் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பியவரின் புத்தகத்தில் அவற்றின் பெயர் இருக்க வழியே இல்லை. 1971 போருக்கான பூர்வி ஸ்டார், பச்சிமி ஸ்டார், சங்கிராம் பதக்கம் ஆகியவையும் போருக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டன. பணியில் தொடர்ந்தவருக்கு எழுத்தர் தாமாகவே பதிந்துவிடுவார். ஊருக்குப் போனவர் விண்ணப்பித்தால்தான் உண்டு. செய்தி அவரை எட்டவில்லையென்றால் அதுவும் இல்லை.

இரண்டாவது இடம். ஒருவர் தம் பிரிவிலிருந்து வேறொரு பிரிவுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டிருந்தால், அங்கே பெற்ற தகுதி தாய்ப்பிரிவுக்கு அறிவிக்கப்பட வேண்டும். படையில் ஒவ்வொருவரின் சேர்க்கை, இடமாற்றம், விடுப்பு, பதவி உயர்வு அனைத்தும் 'இரண்டாம் பகுதி உத்தரவு' எனப்படும் அன்றாட ஆணைகளில் வெளியாகும். ஆவண அலுவலகம் அதைப் பார்த்தே பதிவேட்டை நிரப்புகிறது. ஓர் உத்தரவு வந்து சேரவில்லையென்றால் ஓர் இடம் முழுவதுமே பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். பிரதேசப்படையினருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்கள் ஆண்டு முழுவதும் பணியில் இருப்பவர்கள் அல்லர். முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்ட நாள்களை நிறுவினால்தான் போர்ப்பணிப் பதக்கத்துக்கான தகுதி தெளிவாகும்.

மூன்றாவது பெயர். இது நம் பகுதிக்கே உரிய இடர். தமிழர் பெயரில் குடும்பப்பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. படையின் படிவமோ குடும்பப்பெயரை எதிர்பார்க்கிறது. சில பதிவுகளில் தந்தை பெயர் பின்னால் போயிற்று, சிலவற்றில் சாதிப்பெயர் ஒட்டிக்கொண்டது, சிலவற்றில் இரண்டும் இல்லை. கொங்கு நாட்டின் எந்தப் பட்டியலிலும் பழனிசாமி, ராமசாமி, கந்தசாமி, சுப்பிரமணியம் என்ற பெயர்கள் பலவாக இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒரே பழனிசாமி நான்கைந்து விதமாக எழுதப்படுவார். இங்கே அடையாளத்தைக் காப்பது பெயரன்று, படை எண். ஒரே பெயருடைய இருவரைப் பிரிப்பதும், இரண்டு எழுத்துக்கூட்டலில் உள்ள ஒருவரை இணைப்பதும் அந்த எண்ணே.

நான்காவது ஊர். பழைய பதிவேட்டில் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்றிருந்தால் இன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் என்று கொள்ளக்கூடாது. ஈரோடு 1979இல் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் பிரிந்தது. திருப்பூர் மாவட்டம் 2009இல் உருவானது. கோபிசெட்டிபாளையம், தாராபுரம், பவானி எல்லாம் ஒருகாலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்து வட்டங்கள். கொள்ளேகால் வட்டமும் 1956வரை அம்மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று அது கர்நாடகத்தில் உள்ளது. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. மாவட்டத்தை மட்டும் வைத்துத் தேடினால் தவறான அலுவலகத்தின் வாசலில் நிற்க நேரும்.

ஐந்தாவது விதி. சில பதக்கங்கள் மறதியால் விடுபடவில்லை, கொள்கையால் மறுக்கப்பட்டன. பிரித்தானியப் பேரரசின் உயரிய விருதான விக்டோரியா சிலுவை 1911வரை இந்திய வீரர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு 1837இல் கம்பெனி ஏற்படுத்திய 'ஆர்டர் ஆஃப் மெரிட்' இருந்தது. முதல் உலகப்போரின் பிரித்தானியப் போர்ப்பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியிலும், தொழிலாளர் பிரிவினருக்கு வெண்கலத்திலும் தரப்பட்டது. அதே கப்பலில் சென்று அதே துறைமுகத்தில் மூட்டை இறக்கியவரின் பதக்கம் நிறத்திலேயே வேறுபட்டது. இவ்வகை வேறுபாட்டைப் பிழை என்று காட்டித் திருத்த முடியாது. வரலாற்றில்தான் பதிய முடியும்.

ஒரு மாதிரிக் கணக்கு

தகுதி எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரே தெருவைச் சேர்ந்த இருவரைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாமவர் 1942 ஜூனில் மதுக்கரையில் சேர்ந்தார். பயிற்சியாளராகப் போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்தார். 1946 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார். இரண்டாம் உலகப்போரில் 28 நாள் பணியாற்றியவருக்கு உரிய 'போர்ப்பதக்கம் 1939–45' அவருக்கு உண்டு. இந்தியாவில் மூன்றாண்டு பணியை அவர் 1945 ஜூனிலேயே நிறைவு செய்துவிட்டதால் 'இந்திய சேவைப் பதக்கமும்' உண்டு. ஆனால் அந்தப் பதக்கம் தோற்றுவிக்கப்பட்டது 1946 ஜூனில். நான்கு மாதங்களுக்கு முன்பே முத்திரையிடப்பட்ட அவருடைய புத்தகத்தில் அது இல்லாமலிருப்பது யாருடைய தவறும் அன்று.

இரண்டாமவர் 1943 ஜனவரியில் சேர்ந்தார். 1944இல் மணிப்பூர் எல்லைக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் போர்முனையில் இருந்தார். அவரும் அதே 1946 பிப்ரவரியில் திரும்பினார். அவருக்குப் போர்ப்பதக்கம், 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார் ஆகிய மூன்றும் உண்டு. இந்திய சேவைப் பதக்கம் இல்லை. பர்மா ஸ்டாருக்குப் பர்மாவுக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்பதில்லை. வங்காளம், அசாம் பகுதிகளில் குறிப்பிட்ட காலத்தில் இருந்தாலும் தகுதி உண்டு. ஆனால் 1944 முதல் அவற்றின் கிழக்குப் பகுதிகள் மட்டுமே கணக்கில் வரும்.

இருவரில் யாருக்கும் குறைத்துத் தரப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மார்பில் இருப்பதைப் பார்த்து நம் பாட்டனாருக்கும் அது வேண்டும் என்று கேட்பது இதனால்தான் பயன் தராது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனை நாள்?

இதே கணக்கு விடுதலைக்குப் பிந்திய காலத்துக்கும் பொருந்தும். 1947 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவருக்கு விடுதலைப் பதக்கம் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவருக்கு 25ஆம் ஆண்டுப் பதக்கம் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கை சென்ற அமைதிகாக்கும் படையினருக்கு 'ஸ்ரீலங்கா' என்று பொறித்த பட்டையுடன் சிறப்புச் சேவைப் பதக்கம் உண்டு.

தேவய்யா: 23 ஆண்டுகள் கழித்து வந்த விருது

போர்ப்பணிப் பதக்கத்தைக் கணக்குப் போட்டுச் சேர்க்கலாம். வீரப் பதக்கம் அப்படியன்று. சாட்சி இல்லாத வீரச்செயல் பதிவேட்டில் ஏறுவது அரிதினும் அரிது. அவ்வாறு ஏறிய ஒரு நிகழ்வு, கொங்கின் அண்டைநாடும் காவிரி பிறக்கும் இடமுமான குடகைச் சேர்ந்த விமானப்படை வீரர் ஒருவருடையது.

ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா, ஆதம்பூரில் இருந்த முதலாம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தின் மீது மிஸ்டேர் விமானங்கள் தாக்குதலுக்குப் புறப்பட்டன. தேவய்யா அன்று காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர். புறப்பட்ட விமானங்களில் ஒன்று விலகவே அதன் இடத்தில் அவர் சென்றார். மற்றவர்கள் திரும்பினர், அவர் திரும்பவில்லை. 'காணவில்லை' என்று பதிவாயிற்று. அவர் எங்கே, எப்படி வீழ்ந்தார் என்பதை இந்தியத் தரப்பில் யாரும் பார்த்திருக்கவில்லை. பதிவேடு அந்தச் சொல்லோடு நின்றது.

1979இல் பிரித்தானிய எழுத்தாளர் ஜான் ஃபிரிக்கர், பாகிஸ்தான் விமானப்படையின் தகவல்களைக் கொண்டு 1965 வான்போரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்று அன்று ஒரு மிஸ்டேரைத் தாக்கியது என்றும், அடிபட்ட மிஸ்டேர் திரும்பிப் போரிட்டு அந்த ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தியது என்றும் அந்நூலில் இருந்தது. ஸ்டார்ஃபைட்டரின் விமானி அம்ஜத் ஹுசைன் குதித்து உயிர் தப்பினார். ஒலியைவிட இரு மடங்கு வேகமுடைய விமானத்தை, வேகத்தில் மிகப் பின்தங்கிய, ஏற்கெனவே அடிபட்ட விமானம் வீழ்த்தியிருந்தது. அன்று திரும்பாத மிஸ்டேர் தேவய்யாவுடையது. இந்திய விமானப்படையின் வரலாற்றாய்வில் இச்செய்திகள் ஒப்பிடப்பட்டு உறுதியாயின. 1988இல் அவருக்கு மகா வீர சக்கரம் வழங்கப்பட்டது. 23 ஆண்டுகளாகக் கணவர் என்ன ஆனார் என்று தெரியாதிருந்த அவர் மனைவி அதைப் பெற்றுக்கொண்டார்.

இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பதிவேட்டைத் திருத்தும் சான்று சொந்த அலுவலகத்தில் இல்லாமல் எதிரி நாட்டின் ஆவணத்தில் இருந்தது. அச்சான்றைக் கண்டவர் அதைப் படித்துவிட்டு மூடி வைக்காமல் அரசுக்கு எடுத்துச் சென்றார். இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் 'காணவில்லை' என்ற சொல் இன்றும் அப்படியே இருந்திருக்கும்.

பதவியின் உயர்வும் பதிவேட்டைத் தானாகத் திருத்தாது. 1973இல் ஃபீல்டு மார்ஷல் ஆன மானெக்சா ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்தார். அப்பதவியில் இருப்பவர் ஓய்வு பெறுவதில்லை என்பதால் அவருக்கு முழு ஊதியம் உரியது. அந்த ஊதிய நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கு மேல், 2007இல்தான் வந்து சேர்ந்தது. குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் எடுத்த முயற்சி அதற்கு வழிசெய்தது. மறு ஆண்டு ஜூன் 27 அன்று வெல்லிங்டன் படை மருத்துவமனையில் அவர் காலமானார்.

பிற நாடுகளின் பட்டறிவு

அமெரிக்கா இச்சிக்கலுக்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்திய நாடு. 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியே படைப்பதிவேடுகளைத் திருத்தும் குழுக்கள் அமைக்க வழி பிறந்தது. படைவீரர் கையில் தரப்படும் விடுவிப்புச் சான்றில் பதக்கம் விடுபட்டிருந்தால் பழைய சான்றை மாற்றி எழுதமாட்டார்கள். அதனோடு இணைக்கத் திருத்தச் சான்று ஒன்றைத் தனியாக வழங்குவார்கள். ஆனால் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் எரிந்த தீ, 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகளை அழித்தது. அதன்பின் விண்ணப்பிப்பவர்கள் சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, பிரிவின் நாட்குறிப்பு ஆகியவற்றிலிருந்து பதிவேட்டை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று. பிரித்தானியாவிலும் 1940 செப்டம்பரில் லண்டன்மீது விழுந்த குண்டுகள் முதல் உலகப்போர்ப் படைவீரர் கோப்புகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை எரித்துவிட்டன.

கொள்கையால் நேர்ந்த விடுபடலுக்கும் அமெரிக்காவில் ஒரு முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப்போரில் கறுப்பின வீரர் ஒருவருக்குக்கூட அந்நாட்டின் உயரிய பதக்கம் தரப்படவில்லை. பழைய பரிந்துரைகள் மறு ஆய்வு செய்யப்பட்டு, 1997இல் ஏழு பேருக்கு அது வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவர் மட்டுமே அன்று உயிரோடிருந்தார்.

இந்தியாவைத் தொடும் மறு ஆய்வு 2021இல் வந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் சிறப்புக் குழு அவ்வாண்டு வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப்போரில் மாண்டவர்களில் 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமான முறையில் நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. அவர்களில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் மிகுதி. மேலும் 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லியோ வேறு வகையிலோ நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது கூறியது. நம் நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் காணப்படும் முதல் உலகப்போர்க் கற்பலகைகள் அதன் சிறு வடிவம். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அவை சொல்லும். எண் இருக்கும், பெயர் இருக்காது.

திருத்தும் முறை

இந்தியாவில் இன்று பதக்க விடுபடலைத் திருத்த முனைபவர் செல்லும் பாதை பின்வருமாறு அமைகிறது.

முதலில் படை எண், பிரிவு, சேர்ந்த நாள், விடுபட்ட நாள் ஆகிய நான்கையும் உறுதி செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகமே இதற்கு முதன்மைச் சான்று. ஓய்வூதியம் பெறுபவராயின் ஓய்வூதிய ஆணையும் உதவும். புத்தகம் இல்லாதபோது கையிலிருக்கும் பதக்கமே பேசும். முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெறுநரின் எண், பதவி, பெயர், பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய வீரர்களுக்குப் பெயர் பொறிக்காத பதக்கங்கள் தரப்பட்டன. இந்தியப் படையினருக்குத் தரப்பட்டவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. எனவே மங்கிப்போன பதக்கத்தைப் புளிபோட்டுத் தேய்ப்பதற்கு முன் விளிம்பை ஒரு பெருக்குக்கண்ணாடியில் பார்ப்பது நல்லது.

அடுத்து, உரிய ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக 'எல்லாப் பதக்கங்களையும் தருக' என்று கேட்பதைவிட, 'இந்த நாள் முதல் இந்த நாள்வரை இந்த இடத்தில் பணியாற்றியதால் இந்தப் பதக்கத்துக்குத் தகுதி உண்டு. பதிவேட்டைச் சரிபார்க்கவும்' என்று கேட்பது பயன்தரும். மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இவ்விண்ணப்பங்களை அனுப்பிவைக்கும். கோயம்புத்தூரிலும் அவ்வலுவலகம் உண்டு. பதிவில் என்ன இருக்கிறது என்பதை அறிய 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம்.

தகுதி இருந்தும் மறுக்கப்பட்டால் படைத்துறைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இத்தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் அமர்வு உள்ளது. ஆனால் வீரப் பதக்கத்தை நீதிமன்றத்தின் வழியே பெறுவது மிகக் கடினம். பரிந்துரை நிராகரிக்கப்பட்டதா, காணாமற்போனதா என்பதைக் கேட்கலாம். வீரத்தை அளக்கும் வேலையை நீதிபதிகள் பொதுவாக ஏற்பதில்லை.

கடையில் வாங்கிய நகல் பதக்கம் சான்றாகாது. சீருடையில் எடுத்த நிழற்படமும் தனியே நின்று சான்றாகாது. நாடாவின் அமைப்பைக் கொண்டு எந்தப் பதக்கம் என்று ஊகிக்க மட்டுமே அது உதவும். குடும்பத்தில் சொல்லப்படும் கதையும் அப்படியே: தேடலுக்கு அது நல்ல தொடக்கம், ஆனால் முடிவு அன்று.

அழியும் தாள்கள்

இத்திருத்தத்துக்கு ஒரு கெடு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. படைத்துறை விதிகளின்படி, ஓய்வூதியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவரின் கோப்பு 25 ஆண்டுகள் மட்டுமே வைக்கப்பட்டுப் பின் அழிக்கப்படும். அதன்பின் நிலையாக இருப்பது நெடும்பட்டியல் எனப்படும் பதிவு மட்டுமே. அதில் எண், பெயர், சேர்ந்த நாள், விடுபட்ட நாள் போன்ற சில விவரங்களே இருக்கும். எந்த மாதம் எந்த முனையில் இருந்தார் என்பது இருக்காது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946, 1947இல் ஊர் திரும்பியவர்களில் மிகப் பலர் ஓய்வூதியத்துக்கு வேண்டிய ஆண்டுகளை நிறைவு செய்யாதவர்கள். அவர்களின் கோப்புகளுக்கான கெடு 1970களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. மதுக்கரையில் பயிற்சி பெற்று, பர்மா எல்லை சென்று, திரும்பி வந்து கிணறு வெட்டி, தறி ஓட்டி, ஆலைக்குப் போய் வாழ்ந்து முடித்தவர்கள் அவர்கள். அவர்களைப் பொறுத்தவரை அரசிடம் இருப்பதைவிடக் கூடுதலான சான்று அவர்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அந்த டிஸ்சார்ஜ் புத்தகம் கரையானுக்கு இரையானாலோ, பதக்கம் பாத்திரக்கடைக்குப் போனாலோ, திருத்துவதற்கு மட்டுமல்ல, திருத்த வேண்டியது என்ன என்று அறிவதற்கும் வழியிருக்காது.

1965, 1971 போர்களில் பணியாற்றியவர்களின் நிலை வேறு. ஓய்வூதியம் பெறுவோரின் கோப்புகள் இன்னும் ஆவண அலுவலகங்களில் உள்ளன. அவர்களில் இளையவர்களே எழுபதைக் கடந்துவிட்டனர். எந்த ஆண்டு எந்த ரயில் நிலையத்தில் இறங்கினோம், எந்தப் பிரிவோடு இணைக்கப்பட்டோம் என்று அவர்கள் வாய்வழியே சொல்லக்கூடிய காலம் இது. அவ்விவரங்களை நாளும் இடமுமாக எழுதி, புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, பதக்க விளிம்பின் எழுத்துகளையும் குறித்து வைப்பது ஒரு நாள் வேலை. விண்ணப்பம் பின்னர் எப்போது எழுதப்பட்டாலும் அதற்கு வேண்டிய சான்று அந்த ஒரு நாள் வேலையில் இருக்கும்.